கடைசி வரிசைக்குத் தெரிந்த முகம்

பட்டமளிப்பு மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சத்யப்ரியா தன் பழைய ஜூம் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து இருக்கை இளைஞன் தன் புது மிர்ரர்லெஸ் கேமராவில் எடுத்த மேடைப் படத்தைக் காட்டினான். "இந்த இருட்டுல உங்களோடது புள்ளிபுள்ளியா விழுகும். இது பளிச்சுனு எடுக்கும்."

"பளிச்சுனு எடுத்து என்னண்ணே? உங்க படத்துல ஆளு கடுகளவுதான் இருக்கு. எனக்கு மொகம் வேணும்."

"யாரு மொகம்?"

"எனக்கு ஒரு வருஷம் சீனியர்."

"ஓகோ, அப்படிப் போகுதா கதை?" என்று அவன் கண்ணடித்தான்.

"வாயை மூடிட்டு மேடையப் பாருங்க."

மைக்கில் அவள் காத்திருந்த பெயரைச் சொன்னார்கள். ஜூமை முழுக்க இழுத்து, மூச்சைப் பிடித்தபடி அழுத்தினாள். படம் புள்ளிகளாய்த்தான் விழுந்தது. ஆனால் கறுப்பு அங்கிக்கு மேலே, நரைத்த வகிடோடு முகம் திரையை நிறைத்திருந்தது.

எட்டிப் பார்த்தவன் திகைத்தான். "யாருங்க இவங்க?"

"எங்கம்மா. பகலெல்லாம் களையெடுத்துட்டு வந்து படிச்சுச்சு. எங்க வம்சத்துலயே முதல் டிகிரி. நான் முடிக்க இன்னும் ஒரு வருஷம் கெடக்கு."

அவன் எழுந்து நின்று கைதட்டினான். சத்யப்ரியாவால் திரையிலிருந்து கண்ணெடுக்க முடியவில்லை. சமயநல்லூர்த் தோட்ட முதலாளியின் வாசலில் குனிந்தே நின்று கூலி வாங்கும் அம்மா, துணைவேந்தரை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.