கத்தரிப்பூக் கறை

"அம்மா, இந்தப் படத்தில நீங்க எது? கீழ் மூலையில கத்தரிப்பூ நிறத்தில ஒரு கறை கிடக்கே, அதுவா?"

லண்டனிலிருந்து மகன் டிலுக்ஷன் கேட்டதும் இமெல்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கறையாம்! கன்னியர்மடப் பழைய மாணவிகள் போட்டியில், ஐம்பத்திரண்டு வயதில், தேசிக்காய் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவள் கறையாம்!

லேசான ஓட்டமா அது? வாயில் கரண்டி, கரண்டியில் தேசிக்காய் என்னும் எலுமிச்சை, இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். பதினொரு பேர் ஓடினார்கள். இமெல்டா முடிவுக் கயிற்றைத் தொட்டபோது நடுவராக நின்ற சிஸ்டரே, "ஒட்டி வைச்ச மாதிரியெல்லோ கொண்டு வந்தீங்க!" என்று வாயைப் பிளந்தா. பரிசாகக் கிடைத்த றைஸ் குக்கரில் இரண்டு நாளாகச் சோறு வேகிறது. தெருவில் அந்தக் கதையைக் கேட்காத ஆள் இல்லை. மீன்காரனுக்கே இரண்டு தரம் சொல்லியாயிற்று.

அப்படியிருக்க, காலையில் வாட்ஸ்அப் குறூப்பில் வந்த படத்தில் எல்லாரும் பளிச்சென்று இருக்கிறார்கள். வென்றவள் மட்டும் கறை.

படம் எடுத்தது யார்? நாலு வீடு தள்ளியிருக்கும் ஜெனிற்றா. ஜெனிற்றா யார்? ஓட்டத்தில் இரண்டாவதாக வந்த றொசானியின் மகள்.

இமெல்டா செருப்பை மாட்டினாள்.

"ஜெனிற்றா! வெளியில வா!"

"என்ன அன்ரி, குக்கர் வேலை செய்யுதா?"

"குக்கர் கிடக்கட்டும். என்னை ஏன் அழிச்ச?"

"அழிக்கல்ல அன்ரி. அது ஒரு ஆப். உயரத்தில நிண்டு படம் எடுத்து, மேலயும் கீழயும் மங்கலாக்கி, ஒரு பட்டியை மட்டும் தெளிவா விட்டா எல்லாரும் பொம்மை மாதிரித் தெரிவாங்க. இதுக்காகத் தண்ணி ராங்குக்கு மேல ஏறினன். பாருங்களன், சிஸ்டர்மாரெல்லாம் கரம் போர்ட் காய் மாதிரி!"

"கரம் காய் நல்ல வடிவாத்தான் இரிக்கு. படத்தின்ட நடுவில சறுக்கி விழுந்து கிடக்கிற அன்னப்பூரணி ரீச்சரின்ட மூக்குத்தி கூட மினுங்குது. விழுந்தவ ராணி, வெண்டவ கறையோ?"

"பட்டி நடுவிலதானே அன்ரி வரும்..."

"பட்டியை விரலால இழுத்தா கீழ வருமாம். மகன் சொன்னவன். ஆருக்குக் காது குத்துற?"

ஜெனிற்றா குசினிப் பக்கம் பார்த்தாள். உள்ளே தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

"ஓம், அங்க பார்! எனக்கு விளங்குது. உன்ட கொம்மாக்கு என்னில அந்தக் காலத்து எரிச்சல். ஏழாம் வகுப்பில என்ட பூச்சாடிப் படத்தில மை ஊத்தினவ!"

"ஊத்தினது நீ கா!" குசினிக்குள்ளிருந்து றொசானி பள்ளிக்காலத்துக் 'கா' போட்டுக் கத்தினாள். "படம் என்ட!"

இமெல்டா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நாளைக்கு ஆண்டு மலர் அச்சுக்குப் போகுது. அட்டையில இந்தப் படமாம். காலத்துக்கும் நான் கறையா இரிக்க ஒண்ணாது. அசல் படத்தை இப்பவே குறூப்பில போடு. நூற்றிப் பத்துப் பேரும் பார்க்கட்டும்!"

"வேணாம் அன்ரி."

"போடு!"

"ஐயோ அன்ரி, சொன்னாக் கேளுங்க..."

"நீ போடல்ல எண்டா, பொறாமையில அழிச்சாங்க எண்டு நான் குறூப்பில போடுவன். வொய்ஸ் மெசேஜ்!"

ஜெனிற்றா பெருமூச்சு விட்டாள். "சரி. முதல்ல உங்களுக்கு மட்டும் அனுப்புறன். பார்த்துப்போட்டு நீங்களே போடுங்க."

'டிங்' என்றது இமெல்டாவின் போன். வெற்றிச் சிரிப்போடு கண்ணாடியைப் போட்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

கயிற்றைத் தொடுகிற நேரத்துப் படம் என்றுதான் நினைத்திருந்தாள். அது அதற்குக் கொஞ்சம் முந்தியது.

அன்னப்பூரணி ரீச்சர் விழுந்த நொடி. மைதானமே அவவைத்தான் பார்க்கிறது. நடுவர் சிஸ்டரும் திரும்பி நிற்கிறா. பார்க்காத ஒரே ஆள் கீழ் மூலையில். கத்தரிப்பூச் சீலை. வாயில் கரண்டி. இடது கை ஒழுங்காக முதுகுக்குப் பின்னால்.

வலது கை, குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுவதுபோல, தேசிக்காயை இறுக்கிப் பிடித்திருந்தது.

ஊருக்கெல்லாம் கதை சொல்லிச் சொல்லி அவளே மறந்துபோயிருந்த நொடி அது.

"நான் முதல்ல உங்களைத் தெளிவாத்தான் வைச்சன் அன்ரி," ஜெனிற்றா மெதுவாகச் சொன்னாள். "அம்மாதான் பார்த்துப்போட்டு, 'பட்டியை மேல இழு மகள், இமெல்டா பாவம்' எண்டவ."

றொசானி சீலைத் தலைப்பில் கை துடைத்தபடி வாசலுக்கு வந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"வெயிலுக்க வந்திருக்க. தேசிக்காய்த் தண்ணி கரைக்கட்டா கா?"

இமெல்டாவுக்குப் புரையேறியது. இருமி முடித்து, கண்ணாடியைக் கழற்றி, ஜெனிற்றாவின் காதருகே குனிந்தாள். குரல் பொம்மை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"மகள்... இந்தக் கறையை இன்னும் கொஞ்சம் மங்கலாக்க ஏலாதா?"