மூன்றாவது ஆட்டத்தில் சவரியின் குரல்

உலகக் கோப்பை இப்போது காலி ஸ்டேடியங்களில்தான் நடக்கிறது. கூட்டத்தின் சத்தத்தைப் பழைய ரசிகர்களின் பதிவுசெய்த குரல்களால் நிரப்புகிறார்கள். வியாசர்பாடி சவரி இறப்பதற்கு முந்தைய வருஷம், மைதானத்துக்கு மைக்கோடு வந்தவர்களிடம் அரைநாள் கத்திக் கொடுத்திருந்தார். அவருக்குப் பிரேசில் என்றால் உயிர். அது ஜெர்மனியிடம் தோற்றால் அன்று சோறு தொட மாட்டார்.

பிரேசிலின் முதல் இரண்டு ஆட்டங்களிலும் அவர் குரல் கேட்டது. "லெஃப்ட்ல தள்ளுடா!" என்று ஒரு கத்தல், உடனே ஒரு இருமல். மனைவி பிலோமினா அவருடைய மஞ்சள் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் அவருக்கும் ஒரு டீ வைத்துவிட்டு டிவியில் பார்த்தாள்.

குரூப்பின் கடைசி இரண்டு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடந்தன. பிரேசில் டிராவில் முடித்தது. இன்னும் முடியாத மற்ற ஆட்டத்தில் ஜெர்மனி ஜெயித்துவிட்டால் பிரேசில் வெளியே. மகள் ஷைலா அவசரமாகச் சேனலை மாற்றினாள்.

ஜெர்மனியின் கூட்டத்துக்குள்ளிருந்து, "லெஃப்ட்ல தள்ளுடா!"

அதே இருமல்.

பந்து இடப்பக்கமாகப் போய் வலைக்குள் விழுந்தது, ஜெர்மனிக்குக் கோல். ஆட்டம் முடிந்த விசில் ஊதினார்கள். டிவிக்குள் சவரி சந்தோஷத்தில் தேம்பித் தேம்பி அழுதார்.

"அது அப்பா இல்லம்மா. எல்லா டீமுக்கும் அதையே போட்டு உட்றானுங்க," என்று ஷைலா ரிமோட்டை எடுத்தாள்.

பிலோமினா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆஃப் பண்ணாதடி. பிரேசில் போய்டுச்சி. இனிமே அங்கதான இருப்பாரு?"

பிறகு மஞ்சள் ஜெர்சியின் மேல் சிலுவை போட்டுக்கொண்டு, ஜெர்மனி தோற்கவே கூடாது என்று ஜெபிக்கத் தொடங்கினாள்.