மாம்பழ வாசம்

டாக்குரியா ரயில் நிலையத்தை ஒட்டிய மாடி அறையில், மகன் உதயின் சட்டைகளை மடித்தபடி யசோதா அவன் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். உதய் சாலை விபத்தில் இறந்து பத்து நாளாகிறது. அவன் ஊதிய இ-சிகரெட்டின் ஆவி ஜன்னல் கண்ணாடியில் பிசுபிசுவென்று படிந்திருக்க, ஜனவரி வெயில் அதில் மங்கித் தேங்குகிறது. ரயில் கடக்கையில் கண்ணாடி அதிர்கிறது. யசோதா ஒரு சட்டையை முகர்கிறார். "இந்தக் குளுர்ல மாம்பழ வாசம் அடிக்குதே, கண்ணு?" "ரூம் ஸ்ப்ரே, ஆன்ட்டி" என்கிறான் அறைத்தோழன் கௌஷிக். அம்மாவின் வீடியோ காலில் புகை தெரிந்தபோதெல்லாம் உதய்க்காகச் சொன்ன அதே பொய். அந்த இ-சிகரெட் கருவியும் இப்போது இவன் பாக்கெட்டில்தான் ஒளிந்திருக்கிறது. ஜன்னலைத் திறக்கப் போகிறான். "தொறக்காத கண்ணு, போயிரும். நேத்து நெறைய இருந்துச்சு. இன்னிக்குக் கொறைஞ்சிருச்சு." யசோதா முகம் கழுவக் குளியலறைக்குப் போகிறார். குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. இதுவரை புகைத்தே அறியாத கௌஷிக் கருவியை எடுத்து ஆழ இழுக்கிறான். இருமலை அடக்கிக்கொண்டு, உதயின் தலையணைமேல் மெல்ல, மெல்ல ஊதுகிறான்.