ஏழுக்கு ஏழு, இடது

“பல்லைக் காட்டுங்கண்ணே.”

ஏழாம் படுக்கைக்காரர் காட்டினார். வாய் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு விரிந்தது. தேர்வெழுத வந்த மாணவி இன்னொரு தடவை காட்டச் சொன்னாள். அதே அளவுதான்.

டாக்டர் படிப்பின் கடைசித் தேர்வு. மூளையிலிருந்து முகத்துக்கும் கழுத்துக்கும் இறங்கும் பன்னிரண்டு நரம்புகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, எது பழுது என்று சொல்ல வேண்டும். படுத்திருப்பவரிடம் நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. அவரும் சொல்லக் கூடாது. சொன்னதைச் செய்வதோடு அவர் வேலை முடிந்தது.

கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பதில் வாசலிலேயே கிடைத்துவிட்டது. அவளுக்கு முன்னால் முடித்துவிட்டு வந்த பெரிய டாக்டர் வீட்டுப் பையன், ஸ்டெதஸ்கோப்பைச் சுழற்றியபடி காதோரம் சொன்னான்.

“ஏழாம் பெட், ஏழாம் நரம்பு, இடது. முகம் கோணல். ரொம்பத் தோண்டாத. காலையிலேருந்து நாங்க எல்லாரும் அதைத்தான் சொல்லிட்டு வர்றோம்.”

போன முறை இதே தேர்வில் அவள் கோட்டை விட்டிருந்தாள். இந்த முறையும் போனால் வீட்டுக்குள் தலைகாட்ட முடியாது. லாரியின் பின்பக்கம் ‘டாக்டரின் அப்பா’ என்று எழுதிவிட்டார் அப்பா. பெயின்ட்கூடக் காய்ந்துவிட்டது.

ஆனால் இந்த முகம் கோணவில்லையே.

“புருவத்தைத் தூக்குங்க.” நெற்றியில் கோடுகள் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை ஓடின. “கண்ணை இறுக்கி மூடுங்க.” விரலால் பிரித்துப் பார்த்தாள், இடது இமையும் வலதைப் போலவே பிரிய மறுத்தது. “கன்னத்தை உப்புங்க.” குத்திப் பார்த்தாள். பொட்டுக் காற்றுகூடக் கசியவில்லை.

வேறு நரம்பாக இருக்குமோ என்று எல்லாவற்றையும் புரட்டினாள். காபித்தூளை மூக்கருகே கொண்டுபோனதும் ‘காபி’ என்றார். விரல் போன இடமெல்லாம் கண் போனது. பஞ்சு பட்டது தெரிந்தது, காதருகே விரலைத் தேய்த்தது கேட்டது. ‘ஆ’ சொன்னார், நாக்கை நேராக நீட்டினார். தோளைத் தூக்கும்போது மட்டும் முகம் சுளித்தார். சட்டைப் பையில் கிடந்த பைக் சாவி குத்தியதாம். எடுத்துத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

“தங்கச்சி, நான் ஒண்ணு சொல்லிக்கிறேன். வந்த பிள்ளைங்க கிட்டெல்லாம் சொல்லப் பாத்தேன், யாரும்...”

“வேணாம்ண்ணே. நீங்க வாயைத் தொறந்தா என்னை வெளிய அனுப்பிடுவாங்க.”

அவர் பாவமாக வாயை மூடிக்கொண்டார். அதையும் நேராகத்தான் மூடினார்.

தேர்வு நடத்தும் பரிசோதகர் வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்தவர். மூலையில் திரைக்குப் பின்னால் மேசை போட்டு, நோயாளியின் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எந்த நரம்பும்மா?”

ஏழு என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. லாரியின் பின்பக்கமும் கண்ணுக்குள் வந்து நின்றது.

“எல்லா நரம்பும் நல்லா இருக்கு சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “உனக்கு முன்னாடி வந்த அத்தனை பேரும் இடது ஏழுன்னு சரியா சொல்லியிருக்காங்க. ஒரு பையன், கண்ணு எவ்வளவு மூடலைன்னு அளந்தே சொன்னான். உனக்கு மட்டும் நல்லா இருக்கா?”

“அவங்க என்ன பாத்தாங்கன்னு எனக்குத் தெரியாது சார். நான் பாத்ததைச் சொல்றேன்.”

“வீட்ல யாராவது டாக்டர் இருக்காங்களா?”

“அப்பா லாரி ஓட்டுறாரு.”

“அதானே பாத்தேன்.”

“லாரிக்காரர் பொண்ணுக்கு இடது எது, வலது எதுன்னு நல்லாவே தெரியும் சார்.”

பன்னிரண்டாம் நரம்பைத்தான் முதலில் கட்டிப்போட்டிருக்க வேண்டும், நாக்கை ஆட்டுவது அதுதான் என்று அவளுக்கு அப்புறம்தான் தோன்றியது. பரிசோதகர் எழுந்துவிட்டார். கோப்போடு விறுவிறுவென்று நடந்தார், அவள் பின்னாலேயே போனாள்.

படுக்கையின் கால்மாட்டில் நின்று, கண்ணைக் கோப்பிலிருந்து எடுக்காமலே பேனாவை நீட்டினார். “அந்த இடது வாய் ஓரம் தொங்கல? கன்னத்து மடிப்பு மறைஞ்சு போகல? கண்ணு இருந்தா தெரியும்.”

அவள் பார்த்தாள். எதுவும் தொங்கவில்லை. எதுவும் மறையவில்லை.

“இல்ல சார்.” வார்த்தை மாறவில்லை.

“சரி, அடுத்த தடவை வா.” மதிப்பெண் தாளை எடுத்தவர், அவளை இன்னும் கொஞ்சம் அசிங்கப்படுத்தினால்தான் மனசு ஆறும் போல, படுத்திருந்தவர் பக்கம் திரும்பினார். “நீங்களே சொல்லுங்கய்யா, இந்தப் பொண்ணுக்குப் புரியட்டும். உங்க வாய் கோணி எத்தனை நாளாச்சு?”

ஒருவழியாக வாயைத் திறக்க அனுமதி கிடைத்த நிம்மதியில் அவர் எழுந்து உட்கார்ந்து, தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டார்.

“கோணினது எங்க அண்ணனுக்கு சார், அவரு காலையிலேயே ஸ்கேனுக்குப் போயிருக்காரு, வேற யாரும் பெட்டைப் பிடிச்சிடக் கூடாதுன்னு நான் படுத்திருக்கேன்.”