அடையாளத் தாள்

சொந்த அக்கா சாவுக்கே அழாத தீர்த்தகிரி, ஓர் இசைக்கலைஞனின் வாழ்க்கையைச் சொல்லும் அந்தத் தடித்த பிரெஞ்சு நாவலின் தமிழ்ப் பதிப்புக்கு நான்காம் முறையாக அழுதுகொண்டிருந்தார். மேல்வீட்டு ஜெசிந்தாவின் வயலின்தான் அதற்கு இடைஞ்சல். குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி டைப் அடித்துப் போட்டார். வயலின் நின்றது. அதோடு நாவலும் ஓடவில்லை. பின்னட்டையிலிருந்து ஆசிரியர் அவரையே முறைப்பது போலிருந்தது.

மனசு கேட்காமல் புத்தகத்தோடு மாடியேறினார். "படிம்மா, உன்ன மாதிரி ஆளுக்குத்தான் இது" என்று கொடுத்துவிட்டு இறங்கியவருக்கு நாலாம் படியில்தான் நினைவு வந்தது. படித்த பக்கத்தின் அடையாளத்துக்கு அவர் உள்ளே செருகியிருந்தது, அந்தக் கடுதாசியை முதலில் கையால் எழுதிப் பார்த்த தாள்.

பன்னிரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். பதின்மூன்றாம் நாள் ஜெசிந்தாவே புத்தகத்தோடு வந்து கதவைத் தட்டினாள்.

"நல்ல கதை சார். அவன் வாசிக்கிறத அக்கம்பக்கத்துல திட்டுற இடத்துல சிரிச்சிட்டேன்."

"அதுல ஒரு தாள் இருந்துதும்மா..."

"பத்திரமா இருக்கு சார். கடைசிப் பக்கம் வரைக்கும் அதையே வச்சுத்தான் படிச்சேன்."

அவள் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். தீர்த்தகிரி புத்தகத்தைத் திறக்கவில்லை. ஆசிரியர் முகம் மேசையில் படும்படி வைத்துவிட்டு, மேலே வயலின் பெட்டி திறக்கும் சத்தம் வருமா என்று கூரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.