கெட்டிச்சாயம்

"சொந்தத்துல கட்டுனீங்களா?" டாக்டரம்மா இந்தத் தடவையும் அதையேதான் கேட்டார். "இல்லீங்க, அசல்தானுங்க" என்றான் மயில்சாமி. மூத்தவள் இடது கையில் விரல்களே இல்லாமல் பிறந்த நாளிலிருந்து ஊரே கேட்கிற கேள்வி அது. அவள் இப்போது அவன் மனைவி நாச்சாளின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நாச்சாளுக்கு மறுபடியும் ஐந்து மாதம். டாக்டரம்மா சோதனை முடிவைப் புரட்டிவிட்டு, இருவருக்கும் மரபணுவில் பழுதில்லை, அதன்மேல் ஏதோ படிந்திருக்கலாம், அப்படிப் படிந்தால் எந்த உறுப்பை எப்போது வளர்ப்பது என்று கருவுக்கே குழம்பிப்போகும் என்றார். "அப்ப நூலுல குத்தமில்லீங்க, சாயந்தானுங்களா?" என்றான். "அப்படியும் வச்சுக்கலாம்" என்று சிரித்தவர், "ஆமா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். இதை இதுவரை யாரும் கேட்டதில்லை. அவன் கைகளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டு, "சாயப்பட்டறைங்க" என்றான். வருகிற வியாபாரிகளின் கண்முன்னால் எச்சில் தொட்டுத் துணியைத் தேய்த்துக் காட்டி, "நம்ம சாயம் போகவே போகாதுங்க" என்று மார்தட்டுகிறவன் அவன். டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றுபோனது. "சாயம்னா நாளாவட்டத்துல போயிருமுங்களே?" என்று நாச்சாள் அவரைக் கேட்டாள். அவர் மயில்சாமியைப் பார்த்தார். நாச்சாள் அவன் கையை வெளியே இழுத்தாள். தன் விரலை எச்சிலில் நனைத்து, அவனுடைய நீல நகத்தை அழுத்தித் தேய்த்தாள். பிறகு அந்த விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துளி நீலம் ஒட்டவில்லை.