பெரிய பெட்டி

“சுரங்கத்துல இப்பக் காசையும் சேர்த்துத் தோண்டுறாங்களா அண்ணே? பெரிய பெட்டி வாங்க வந்துட்டீங்க!”

நான் கேட்டது சுரங்கத் தொழிலாளி ஓஸ்வால்தோவின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கண்ணாடி அலமாரி முன்னால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். கையில் செல்போன் அதிர்ந்தது. பார்த்தார், பைக்குள் போட்டார், மறுபடி எடுத்தார்.

எங்கள் துறைமுக ஊரான கொகிம்போவில் ஃப்ரெசியாவின் மாடிக் கடைக்கு ராட்சசப் படம் போட்ட கார்டு ஆட வருகிற விவரமானவன் எவனும் பெரிய பெட்டி வாங்க மாட்டான். நான் டாக்சி ஓட்டுகிறவன். சனிக்கிழமை மதியமானால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இங்கே ஏறிவிடுவேன். பெட்டி என்று யாராவது ஆரம்பித்தால் என் வாய் சும்மா இருக்காது.

பெரிய பெட்டி என்றால் பாதி காற்று. ஒரு பிளாஸ்டிக் தட்டு, டாஸ் போட ஒரு டம்மிக் காசு, ஆட்டத்துக்கே ஆகாத முறம் மாதிரி ஒரு கார்டு, அதற்கப்புறம் கார்டு அடைத்த ஆறு பாக்கெட். வேண்டிய கார்டை உதிரியாக வாங்கினால் மிச்சக் காசில் வீட்டுக்கு மீன் வாங்கிக்கொண்டு போகலாம்.

“வழக்கமா சின்னதுதானே எடுப்பீங்க? பெரிசு எப்பவாவதுதானே?” என்றாள் ஃப்ரெசியா.

“இன்னிக்குப் பெரிசு குடுங்க.” வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஒரு வாரம் மலைமேல சுரங்கம், ஒரு வாரம் வீடு, அதுதானே முறை? வரப்போற லீவு வாரத்துலயும் கூடுதல் ஷிஃப்ட் போறேன்னு ஒத்துக்கிட்டேன். அவகிட்ட இன்னும் சொல்லல. பாக்கெட் பிரிக்கிற குஷியில இருக்கும்போது சொல்லிக்கலாம்.”

அவள் என்றால் அனாயிஸ், அவருடைய மகள். பத்துப் பதினோரு வயதிருக்கும். அப்பா வீட்டில் இருக்கும் சனிக்கிழமைகளில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். அன்றைக்கும் கீழே தள்ளுவண்டியில் பூசணிப் பூரி மாதிரியான சோபாய்பியா வாங்கி, எண்ணெய் சொட்டச் சொட்டத் தின்றுகொண்டே படியேறி வந்தாள்.

பெட்டியை மேஜைமேல் வைத்ததுமே மறுபடி போன். ஓஸ்வால்தோ எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய்விட்டார். “சரி சார், வந்துடறேன் சார்” என்பது மட்டும் எங்களுக்குக் கேட்டது.

திரும்பி வந்தபோது மகள் பெட்டியைத் திறந்து பாக்கெட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பாக்கெட் பிரிக்கிறவர் ஒவ்வொரு கார்டின் பெயரையும் உரக்கச் சொல்ல வேண்டும். அபூர்வமான மின்னுகிற கார்டு வந்தால் அக்கம்பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாரும் மேஜையைத் தட்டுவோம்.

“சதுப்பு நாய்!” என்றாள். ஓஸ்வால்தோ வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

“உப்பு ராட்சசன்! ரெண்டாவது தடவை வருதுப்பா!” சிரித்தார். அவர் முழங்கால் மேஜைக்கடியில் ஆடிய ஆட்டத்தில் என் டீ தளும்பியது. எனக்கே எரிச்சலாக வந்தது. சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே.

கடைசிப் பாக்கெட்டும் முடிந்தது. ஒன்றுகூட மின்னவில்லை.

“நான் சொன்னேன்ல?” என்றேன். “பெட்டி வாங்கினா இதான் கதி.”

அவருக்கு யார் மேலாவது பாய வேண்டும்போல இருந்திருக்கும். காலிப் பெட்டியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார்.

“ஆறுன்னு போட்டிருக்கு. நாலுதான் பிரிச்சோம்.”

“அட, ஏமாத்திட்டாங்க அண்ணே!” என்று நானும் எடுத்துக் கொடுத்தேன். எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவதில் எனக்கு அப்படி ஒரு இன்பம்.

பெட்டியோடு ஃப்ரெசியாவிடம் போனார். “என்னம்மா இது? போன தடவைகூட ஒண்ணு குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, சின்னப் பெட்டிதானேன்னு விட்டேன். பிரிச்சு எடுத்துட்டு மறுபடி ஒட்டி விக்கிறீங்களா?”

கார்டுக் கடைக்காரியை இதைவிடக் கேவலமாகப் பேச முடியாது. ஃப்ரெசியா அவரைப் பார்க்கவில்லை, அவர் தோளுக்குப் பின்னால் எங்கள் மேஜையைப் பார்த்தாள்.

“என் தப்புதான்” என்று மட்டும் சொல்லி அலமாரியிலிருந்து இரண்டு பாக்கெட் எடுத்து நீட்டினாள்.

“தப்பா? இது திருட்டு!”

“அப்பா.”

அனாயிஸ் எழுந்து நின்றாள். ஜாக்கெட்டுக்குள் கையை விட்டாள். பிரிக்காத பாக்கெட்டுகள் இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“அந்த அக்காவைத் திட்டாத. நான்தான் எடுத்து வெச்சேன்.”

“எதுக்கும்மா?”

“ஒண்ணு அடுத்த வாரத்துக்கு. நீ மேல இருப்பேல்ல.”

அவர் இல்லாத சனிக்கிழமைகளிலும் அவள் வருவதை நானும்தான் பார்த்திருக்கிறேன். இதே மேஜை, ஒரே ஒரு பாக்கெட். கார்டின் பெயரை உரக்கச் சொல்ல மாட்டாள். சின்னப் பிள்ளை, கூச்சம் என்று நினைத்திருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஓஸ்வால்தோ பெட்டியைக் கீழே வைத்தார்.

“இன்னொண்ணு?”

“அது அதுக்கடுத்த வாரத்துக்கு.”

அவர் ஃப்ரெசியாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கூடுதல் ஷிஃப்ட் பற்றி நாங்கள் யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

“அதுக்கடுத்த வாரம் நான் வீட்டுலதானேம்மா...”

அனாயிஸ் உப்பு ராட்சசன்கள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நேராக்கினாள்.

“வரமாட்டேன்னு முடிவு பண்ணிட்டாத்தானேப்பா நீ பெரிய பெட்டி வாங்குவ.”